“இது என்ன சார், என்ன அடிக்கலாம்?”

கேள்வி: பி.எஸ்சி. வேளாண்மை முடித்துவிட்டு, நீடாமங்கலம் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் 2 வருடமாகக் களப்பணி செய்கிறேன். வேளாண் அலுவலர்கள், விஞ்ஞானிகள், உரக்கடைக்காரர்கள், முன்னோடி விவசாயிகள் என்று பலரும் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் நானும் இருக்கிறேன். போன மாதம் ஒரு சம்பா வயலில் இலை நுனி மஞ்சளாகிக் காய்ந்தது. ஒரு படம் எடுத்து, “இது என்ன சார், என்ன அடிக்கலாம்? அர்ஜென்ட்” என்று குழுவில் போட்டேன். அரை மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. அதையே இன்னும் 2 குழுக்களில் போட்டேன். இரவுக்குள் 5 பதில் வந்தது: யூரியா போடு, துத்தநாகச் சத்துக் குறை, பூஞ்சாணக்கொல்லி அடி, குருணை மருந்து போடு, உப்பு ஏறியிருக்கும், தண்ணீரை வடித்துக் கட்டு. ஒரு மூத்தவர், “டிகிரி முடித்தவருக்கு இதுகூடத் தெரியாதா?” என்று எல்லார் முன்னிலும் எழுதினார். யூரியா பதிலுக்குத்தான் நிறையப் பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். விவசாயியிடம் அதையே சொன்னேன். பத்தே நாளில் வயல் முழுக்கப் பரவிவிட்டது. நேரில் வந்து பார்த்தவர் பாக்டீரியா இலைக்கருகல் என்றார். அந்தக் குழுக்களை விட்டு வெளியேறிவிடலாமா? இனி கேள்வி கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

முதலில் வயலைப் பேசிவிடுவோம், குழு அப்புறம். இனி அந்த வயலுக்கு ஒரு பிடி யூரியாகூடப் போகக்கூடாது. தேங்கிய தண்ணீரை வடியுங்கள். ஆனால் அந்தத் தண்ணீர் அடுத்தவர் வயலுக்குள் போகாமல் வடிவாய்க்காலுக்குப் போகட்டும். இந்த நோய் தண்ணீரோடும் நடந்து போகும். நோய் ஏறாத பகுதி மிச்சம் இருந்தால் 100 லிட்டர் தண்ணீருக்கு 20 கிலோ புதுச் சாணத்தைக் கரைத்து, தெளியவைத்து, வடிகட்டி அடியுங்கள். 15 நாள் கழித்து இன்னொரு முறை. ஆரம்பத்திலேயே அடித்திருந்தால் பலன் அதிகம். இப்போதும் அடிக்காமல் விடுவதற்குக் காரணம் இல்லை.

இப்போது அந்த 5 பதிலுக்கு வருவோம். அவர்கள் யாரும் உங்களைக் கெடுக்க நினைத்துச் சொல்லவில்லை. உங்கள் படத்தில் வயல் இல்லை, ஓர் இலைதான் இருந்தது. ஆகவே ஒவ்வொருவரும் தமக்குப் பழகிய வயலில் அந்த இலையை வைத்துப் பார்த்தார்கள். கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மணற்பாங்கான மண்ணில் வேலை பார்த்தவருக்கு மஞ்சள் என்றால் தழைச்சத்து கரைந்து இறங்கிவிட்டது என்றுதான் தோன்றும். அவர் யூரியா என்பார். பள்ளக்கால் களிமண்ணில் எந்நேரமும் தண்ணீர் கட்டி நிற்கும் ஊரைப் பார்த்தவர் துத்தநாகம் என்பார். கடைமடையில், வேதாரண்யம் பக்கம் பழகியவர் கண்ணுக்கு நுனி காய்ந்தால் உப்புதான் முதலில் தெரியும். குருணை சொன்னவர் அந்த வாரம் நாலு வயலில் குருத்துப்பூச்சியைப் பார்த்திருப்பார். தன் மண்ணில் அவரவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். உங்கள் விவசாயியின் மண்ணைப் பற்றி அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த ஒரு வார்த்தையை நீங்கள் சொல்லியிருக்கலாம். ரகம் என்ன என்று உங்கள் கடிதத்தின் பின்குறிப்பில்தான் எனக்கே தெரிகிறது: பிபிடி 5204. சாப்பாட்டு அரிசிக்குப் பேர் போன ரகம். இலைக்கருகலுக்கு எளிதில் வசப்படும் ரகமும்கூட. அதனால்தான் இதற்கே எதிர்ப்புச் சக்தி சேர்த்து, மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி என்று 2008இல் தனியாக ஒரு ரகம் கொண்டுவந்தார்கள். “பிபிடி, மூன்று நாள் காற்றும் மழையும் அடித்த பிறகு” என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தக் குழுவில் இருந்த பாதிப் பேர் யூரியா என்ற சொல்லைத் தொட்டிருக்க மாட்டார்கள். தழைச்சத்து கூடக்கூட இந்த நோய்க்குக் கொண்டாட்டம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நானே எழுதிப் பார்த்தேன். படித்துப் பாருங்கள்:

“நீடாமங்கலம் வட்டம், வெண்ணாற்றுப் பாசனம், களிமண், வடிகால் சுமார். பிபிடி 5204, சம்பா, 32 நாள் நாற்று, நட்டு 45 நாள். 3 மா, அதாவது 1 ஏக்கர். அடியுரம் டிஏபி 1 மூட்டை, துத்தநாக சல்பேட் 10 கிலோ. நட்ட 20ஆம் நாள் யூரியா 45 கிலோ. களைக்கொல்லி, பூச்சி மருந்து எதுவும் அடிக்கவில்லை. போன வாரம் 3 நாள் காற்றோடு மழை. மழை விட்ட நாலாம் நாளிலிருந்து மேல் இலைகளில் நுனியில் தொடங்கி ஓரம் வழியாக அலை அலையாக மஞ்சள் இறங்கி, பிறகு வைக்கோல் நிறமாகக் காய்கிறது. கிழக்கு வரப்போரம் ஆரம்பித்து இப்போது கால்வாசி வயலில் இருக்கிறது. வேர் வெள்ளையாக உள்ளது. தூரடியில் புகையான் பூச்சி இல்லை. நடுக்குருத்தை இழுத்தால் கையோடு வரவில்லை. இலையை நறுக்கிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டேன். சில நிமிடத்தில் வெட்டு வாயிலிருந்து பால் போல நூலாக வடிந்தது. பாக்டீரியா இலைக்கருகல் என்று நினைக்கிறேன். விவசாயி நாளை மேலுரம் போட இருக்கிறார். நிறுத்தச் சொல்கிறேன், சரிதானா? வேறு எதைப் பார்க்க வேண்டும்?”

இதை எழுத உங்களுக்கு 15 நிமிடம் ஆகும். வயலில் இறங்கிப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். நிற்கும் பயிரில் 3 மாதம் உழைப்பு இருக்கிறது, அதற்கு இது அதிகம் இல்லை. எழுதி முடிக்கும்போது நோயின் பெயரை நீங்களே கண்டுபிடித்திருப்பதையும் கவனியுங்கள். நல்ல கேள்வியில் பாதிக்கு மேல் இப்படித்தான் ஆகும். எழுதிவிட்டு அனுப்பாமலே அழித்த கேள்விகள் என்னிடம் ஏராளம்.

“பாக்டீரியா இலைக்கருகல் என்று நினைக்கிறேன்” என்று எழுதுவது பெரியவர்கள் முன்னால் அதிகப்பிரசங்கித்தனம் ஆகிவிடுமோ என்ற தயக்கம் நம் பிள்ளைகளுக்கு உண்டு. பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. அந்தத் தயக்கம் வேண்டாம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், எதனால் அப்படி நினைக்கிறீர்கள் என்று சொன்னால்தான் எதிரில் இருப்பவர் எந்த இடத்தில் திருத்துவது என்று பிடித்துக்கொள்வார். “இது என்ன?” என்று மட்டும் கேட்டால் அவர் உங்களுக்கு முதல் வருடப் பாடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு இரவு சாப்பாட்டுக்கு முன்னால் போனைத் திறப்பவருக்கு அதற்குத் தெம்பு இருக்காது. உங்களுக்கு அரை மணி நேரம் பதில் வராததற்குக் காரணம் அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பலர் கடந்து போயிருப்பார்கள்.

அளவுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் கைதேர்ந்தவர்களும் சறுக்குகிறார்கள். நமக்கு மா என்றால் 100 குழி, 33 சென்ட். மூன்று மா ஓர் ஏக்கர். கொங்குப் பக்கத்திலிருந்து குழுவில் இருப்பவருக்கு மா என்றால் என்னவென்றே புரியாமல் போகலாம். யூரியா மூட்டை 50 கிலோவாக இருந்து 2018இல் 45 கிலோ ஆனது, டிஏபி இன்னும் 50தான். “ரெண்டு மூட்டை போட்டேன்” என்றால் எது, எவ்வளவு? “டேங்குக்கு ஒரு மூடி” என்பது இன்னும் மோசம். கைத்தெளிப்பான் 10 லிட்டரும் உண்டு, 16 லிட்டரும் உண்டு. மூடியோ கம்பெனிக்கு ஒரு அளவு. பயிரின் வயதிலும் இதே குழப்பம்தான். “60 நாள் பயிர்” என்று எழுதுகிறீர்கள். விதைத்து 60 நாளா, நட்டு 60 நாளா? சம்பா நாற்றங்காலில் 30, 35 நாள் இருக்கிறது. அந்த ஒரு மாத வித்தியாசத்தில் மொத்த ஆலோசனையும் தலைகீழாகிவிடும். நேரடி விதைப்பு என்றால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். புழுதியில் விதைத்த இளம்பயிர் வெளுத்தால் நான் முதலில் இரும்புச்சத்தைத்தான் சந்தேகிப்பேன்; நட்ட வயலில் என் மனம் அந்தப் பக்கம் போகாது.

படம் ஒன்று போதாது. வரப்பில் நின்று வயல் முழுவதும் தெரிய ஒன்று. மஞ்சள் திட்டுத் திட்டாக இருக்கிறதா, ஓரமாக இருக்கிறதா, பரவலாக இருக்கிறதா என்பது அதில்தான் தெரியும். தூரை விலக்கித் தண்ணீர் மட்டத்துக்கு மேல் ஒன்று; புகையான் அங்கேதான் உட்கார்ந்திருக்கும், நீங்கள் மேலே இலையைப் படம் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு குத்தை வேரோடு பிடுங்கி, வேரைக் கழுவி, வெள்ளைத் துண்டின் மேல் வைத்து ஒன்று. நோயுள்ள இலைக்குப் பக்கத்தில் நல்ல இலையையும் வைத்து ஒன்று. உச்சி வெயிலில் எடுத்தால் பச்சை எல்லாம் மஞ்சளாகத் தெரியும். காலையிலோ சாயங்காலமோ எடுங்கள். விவசாயியின் முகம், பெயர், சர்வே எண் இதெல்லாம் படத்தில் வரக்கூடாது. அவருடைய நஷ்டம் ஊருக்குக் காட்சிப்பொருள் ஆக வேண்டியதில்லை. குழுவில் போடலாமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் மரியாதை.

3 நிமிடக் குரல்பதிவு போடும் பழக்கம் இப்போது பெருகிவிட்டது. எழுதப் பழகாத விவசாயி அப்படிப் போட்டால் நான் முழுவதும் கேட்பேன். நீங்கள் படித்தவர், எழுதுங்கள். பேச்சில் விட்டுப்போவது எழுத்தில் கண்ணுக்குத் தெரியும். அடுத்த வருடம் இதே சிக்கலோடு இன்னொருவர் வந்து தேடினால் எழுத்துதான் அவர் கைக்கு அகப்படும். கேட்பதற்கு முன்னால் நீங்களும் பழைய செய்திகளில் ‘மஞ்சள்’, ‘கருகல்’ என்று தேடிப் பார்த்துவிடுங்கள்.

இனி நான் சொல்லப்போவது எனக்குச் சுலபமான விஷயம் இல்லை.

1989இல் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம். ஒரு தாளடி வயலில் தூர்கள் வெங்காயத்தாள் மாதிரி உருண்டு குழலாக வந்தன. தபால் ஆபீசிலிருந்து போன் போட்டு மூத்த அலுவலரைக் கேட்டேன். அவர் பொறுமையாக ஒவ்வொன்றாக விசாரித்தார். கடைசியில், “களைக்கொல்லி ஏதாவது அடித்ததா?” என்றார். “இல்லை” என்றேன். அது பொய். நட்டு 2 வாரம்கூட ஆகாத பயிருக்கு 2,4-டி என்ற களைக்கொல்லியை அடிக்கச் சொன்னதே நான்தான். அவர் எனக்கு என்ன சொல்வாரோ என்ற பயத்தில் அதை மறைத்தேன். என் சொல்லை நம்பி, அப்படியானால் ஆனைக்கொம்பன் ஈயாக இருக்கும் என்று அதற்கான மருந்தைச் சொன்னார். மூன்று குடும்பங்கள் கடன் வாங்கி மருந்தடித்தன. ஆனைக்கொம்பன் தாக்கிய தூரும் வெங்காயத்தாள் போலத்தான் இருக்கும். 2,4-டி கூடாத வயதில் பட்ட பயிரும் அப்படித்தான் சுருளும். பிளந்து பார்த்தால் ஒன்றில் புழு இருக்கும், மற்றொன்றில் இருக்காது. நான் பிளந்தும் பார்க்கவில்லை. “ஆபீசரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொன்ன அந்த மூன்று வீட்டுக்காரர்களிடமும் பிறகு போய் உண்மையைச் சொன்னேன். மூத்த அலுவலரிடம் சொல்ல எனக்கு அதைவிட அதிக நாள் ஆனது.

அதனால் உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன்: ஏற்கெனவே போட்டது, அடித்தது எல்லாவற்றையும் கேள்வியிலேயே எழுதிவிடுங்கள். உங்கள் தவறால் வந்ததாக இருந்தாலும் எழுதுங்கள். கடைக்காரர் கொடுத்த பெயர் தெரியாத பாட்டிலாக இருந்தால் அதன் லேபிளைப் படம் எடுத்துப் போடுங்கள். பதில் சொல்பவர் உங்களைத் திட்டலாம். வயலை இழப்பதைவிடத் திட்டு வாங்குவது எவ்வளவோ மேல்.

ஒரே கேள்வியை 3 குழுக்களில் ஒரே நேரத்தில் போட்டதைப் பற்றி. அவசரத்தில் செய்தீர்கள், புரிகிறது. ஆனால் ஒரு குழுவில் ஒருவர் அக்கறையாக யோசித்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு குழுவில் பதில் முடிந்துபோயிருந்தால் அவருடைய நேரம் வீண். அடுத்த முறை அவர் எழுத மாட்டார். ஒரு நாள் பொறுங்கள். பதில் வராவிட்டால், “அங்கே கேட்டேன், இன்னின்னது சொன்னார்கள், தெளிவாகவில்லை” என்று குறிப்பிட்டு அடுத்த இடத்தில் கேளுங்கள். உண்மையிலேயே ஒரு நாள் பொறுக்க முடியாத நிலை என்றால் அது குழுவுக்கான கேள்வியே இல்லை. உங்களுக்கு நீடாமங்கலத்திலேயே வேளாண்மை அறிவியல் நிலையம் இருக்கிறது. 1922 முதல் நெல்லையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையமும் எட்டாத தூரத்தில் இல்லை. மாதிரிச் செடியை வேரோடும் மண்ணோடும் எடுத்துக்கொண்டு நேரே போய்விடுங்கள். போக முடியாவிட்டால் கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற இலவச எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். அங்கும் முதலில் ரகம், நாள், மண் இவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

“அர்ஜென்ட்” என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் “நாளை காலை மேலுரம் போட இருக்கிறார்” என்று எழுதினால் அவசரம் தானாகத் தெரியும்.

தனிச்செய்தியில் போய் ஒருவரைக் கேட்பதாக இருந்தால், முதலில் குழுவில் கேட்டுவிட்டு, அவர் பதில் சொன்ன பிறகு, “உங்களிடம் இன்னும் விவரம் கேட்கலாமா?” என்று அனுமதி வாங்கிக்கொண்டு கேளுங்கள். இரவு 9 மணிக்கு மேல் வேண்டாம். உங்கள் கேள்வியைச் சாக்காக வைத்து யாராவது தனியாக வந்து வேறு பேச்சுப் பேசினால், பதில் சொல்லாமல் குழுவை நடத்துபவரிடம் அப்படியே காட்டுங்கள். அதில் உங்களுக்குக் கூச்சம் எதற்கு? கூச வேண்டியவர் வேறு ஆள்.

பதில் வந்த பிறகும் உங்கள் வேலை பாக்கி இருக்கிறது. “யூரியா போடு” என்றால், “எதைப் பார்த்து அப்படி நினைக்கிறீர்கள், சார்?” என்று பணிவாகத் திருப்பிக் கேளுங்கள். காரணம் தெரிந்தவர் சந்தோஷமாகச் சொல்வார். கட்டைவிரல்களை எண்ணாதீர்கள், அதைக் காட்டியவர்களில் உங்கள் வயலைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. மருந்து சொன்னால் கம்பெனிப் பெயரோடு விடாமல், உள்ளே இருக்கும் ரசாயனத்தின் பெயர், ஏக்கருக்கு எவ்வளவு, அறுவடைக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

உங்களைத் திட்டிய மூத்தவரைப் பற்றி என்ன சொல்ல? அவர் எழுதியது தவறு. இதை அவரும் படிக்கக்கூடும் என்பதால் பதில் சொல்லும் இடத்தில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: ஓர் இலையின் படத்தை வைத்து மருந்து சொல்லாதீர்கள். “ரகம் என்னம்மா, நட்டு எத்தனை நாள்?” என்று அந்த 5 பேரில் ஒருவர் கேட்டிருந்தால் போதும், அந்த ஏக்கர் தப்பித்திருக்கும். சின்னப் பிள்ளைகள் கேள்வி கேட்கத் தெரியாமல்தான் வருவார்கள். நமக்கும் யாரோ ஒருவர் 9 கேள்வி திருப்பிக் கேட்டுத்தான் பழக்கினார்.

வெளியேறுவதைப் பற்றிக் கேட்டீர்கள். போவதாக இருந்தாலும் அதற்கு முன்னால் ஒன்று செய்துவிட்டுப் போங்கள். அந்த 3 குழுக்களிலும் நடந்ததை எழுதுங்கள்: என்ன ரகம், என்ன மண், என்ன பதில் வந்தது, எதைச் செய்தோம், என்ன ஆனது, கடைசியில் என்ன நோய் என்று தெரிந்தது. யார் பெயரையும் இழுக்க வேண்டாம். யூரியா சொன்னவர் வருத்தப்படுவார், ஆனால் அடுத்த வயலுக்கு அப்படிச் சொல்ல மாட்டார். மழை இன்னும் முடியவில்லை. பிபிடி நட்டிருக்கும் எத்தனையோ வயல்களில் இந்த வாரம் இதே மஞ்சள் தெரியக்கூடும். முடிவைச் சொல்லாமல் போய்விடும் கேள்விகள்தான் குழுக்களில் அதிகம். பதில் சொன்னவர்களுக்குத் தாங்கள் சொன்னது பலித்ததா இல்லையா என்று தெரிவதே இல்லை.

விவசாயியிடமும் நேரில் போங்கள். போனில் வேண்டாம். தவறான ஆலோசனை உங்கள் வாய் வழியாகத்தான் வந்தது என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். கோபப்படுவார், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு இருவருமாக வயலில் இறங்குங்கள்.

கண்ணாடி இலை, அதாவது கதிருக்கு முன்னால் வரும் கடைசி இலை, வர இன்னும் 2, 3 வாரம் இருக்கிறது என்று கணக்கிடுகிறேன். கதிருக்குப் பால் பிடிக்க அந்த இலைதான் பெரும்பங்கு கொடுக்கும். அது பச்சையாக வெளியே வந்தால் கணிசமான மகசூல் மிஞ்சும். வந்ததும் எனக்கு எழுதுங்கள். வயல் முழுவதும் ஒரு படம், கண்ணாடி இலை பக்கத்தில் ஒரு படம், நட்டு எத்தனை நாள் என்பதோடு.